ரோவிங் துணி ரெசினைக் குடிக்கவில்லை, நடுவில் வெள்ளையாகவே நிற்கிறது. உதவி!

கேள்வி: திருகோணமலை, திருக்கடலூர்ப் பக்கம். அப்பாவின் பைபர் வள்ளம் கல்லில் உரசி அடியில் ஒரு முழத்துக்கு வெடிப்பு. மட் (வெட்டிய கண்ணாடி இழைப் பாய்) ஒரு தட்டு, மேலே ரோவிங் (கண்ணாடி நூல்கட்டுகளால் நெய்த துணி) ஒரு தட்டு வைத்து ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) பூசினேன். மட் நன்றாக ஊறிவிட்டது. ரோவிங்கில் பின்னல் இடைவெளி எல்லாம் ரெசின் நிற்கிறது, ஆனால் ஒவ்வொரு நூல்கட்டின் நடுவும் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கிறது. பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே ரெசின் ஜெலி மாதிரித் திரண்டுவிட்டது. மேலே இன்னொரு கோட் அடித்தால் சரியாகுமா? தின்னர் கலக்கலாமா?

பதில்: தின்னரைத் தொடாதீர்கள் தம்பி, காய்ந்தபிறகு பலம் இருக்காது. ஹார்ட்னர் (ரெசினை இறுக வைக்கும் மருந்து) எவ்வளவு விட்டீர்கள்? எத்தனை மணிக்கு?

கேட்டவர்: கிலோவுக்கு 30 மில்லி அண்ணா. மத்தியானம், வெயிலில்தான்.

பதில்: பிறகு எப்படி ஊறும்! ரோவிங் நூல் ஒன்று என்பது மயிரைவிட மெல்லிய ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகளின் கட்டு. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த இடுக்குகள் ரெசினை இழுக்கும், ஆனால் வழி ஒடுக்கம், ரெசினும் தடிப்பு, அதனால் மெதுவாகத்தான் போகும். போகப்போக இன்னும் மெதுவாகும்: இரண்டு மடங்கு தூரத்துக்கு நாலு மடங்கு நேரம். நீங்கள் மேலிருந்து ஊற்றியதால் கட்டைச் சுற்றி முதலில் நிரம்பி, உள்ளே இருந்த காற்று வெளியே வர வழியில்லாமல் அடைபட்டுவிட்டது. அந்த வெள்ளை காற்றுத்தான். வெயிலில் ரெசின் இளகும், உண்மை, ஆனால் 30 மில்லி விட்டால் ஊற முதலே இறுகிவிடும்.

மேலே கோட் அடித்தால் காற்றை மூடி வைப்பதுதான், பிறகு தண்ணீர் அதற்குள் போகும். வெள்ளைத் தட்டை கிரைண்டரால் எடுத்துவிடுங்கள். காலை வெயில் ஏற முதல், நிழலில், கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி. முதலில் வள்ளத்தில் ரெசினைத் தாராளமாகப் பூசி அதன்மேல் துணியை வையுங்கள், கீழிருந்து ஏறட்டும், காற்று மேலால் போகும். தேய்க்க வேண்டாம், ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டுங்கள். ஊறிய இடம் கண்ணாடிபோலத் தெளியும், அப்புறம்தான் மேலே பூசுவது.

இன்னொருவர்: துணி எங்கே கிடந்தது? ஈரம் ஏறியிருந்தாலும் இப்படி வரும்.

கேட்டவர்: வலைக்கொட்டிலில், உப்புக்காற்றில்தான். இன்று ஒரு துண்டை வெயிலில் காயவைத்து, இன்னொன்றை அப்படியே, இரண்டையும் பலகையில் ரெசின் பூசி வைத்துப் பார்த்தேன், 12 மில்லிக் கணக்கில். காய்ந்த துண்டு நாலைந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டது, கீழே பலகையின் பென்சில் கோடு தெரிகிறது. மற்றதில் இன்னும் இரண்டு மூன்று கட்டு வெள்ளை. நாளை துணி முழுவதையும் காயப்போடுகிறேன். கிரைண்டர் யாரிடமாவது கேட்க வேண்டும்.