வியன்னாவில் ஒரு மாலை: ஒயின் ருசிக்க எங்கே போகலாம்?

கேள்வி: வியன்னாவில் ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது. நகர மையத்திலிருந்து டிராமிலேயே போய்வரும்படி ஒயின் தோட்டம் உண்டா? என்ன கேட்டு வாங்குவது?

பதில் 1: நகர மையத்தைச் சுற்றும் ரிங் சாலையில் 'டி' டிராம் ஏறி, கடைசி நிறுத்தமான நுஸ்டோர்ஃபில் இறங்குங்கள். நுஸ்பெர்க் தோட்டச் சரிவுக்கு நடந்தே ஏறலாம். 38ஆம் டிராம் போகும் கிரின்சிங்கில் சுற்றுலாக் கூட்டம் அதிகம். 'ஹொய்ரிகர்' எனும் தோட்டத்து ஒயின் கடைகளில் பல, ஆண்டு முழுக்கத் திறந்திருக்காது. தேதி பார்த்துப் போங்கள். வாசலில் பைன் கிளைக்கொத்து தொங்கினால் கடை திறப்பு.

பதில் 2: 'கெமிஷ்டர் சாட்ஸ்' எனும் வியன்னாவின் கலப்பு வெள்ளை ஒயினைக் கேளுங்கள். பாட்டிலில் கலப்பதல்ல, ஒரே தோட்டத்தில் குறைந்தது மூன்று வெள்ளைத் திராட்சை வகைகளைச் சேர்த்து வளர்த்து, சேர்த்தே பறித்துப் புளிக்க வைப்பது. 2013 முதல் டி.ஏ.சி. (ஊர் சார்ந்த ஆஸ்திரிய ஒயின் தரச்சான்று) தகுதி உண்டு, எந்தத் திராட்சை வகையும் 50 சதவீதம் தாண்டக் கூடாது. 'அக்டெல்' என்றால் 125 மி.லி.; ருசி பார்க்க அது போதும். 'ஃபியர்டெல்' கேட்டால் கால் லிட்டர் வந்து நிற்கும், நான்காவது ஒயினுக்கு நாக்கு மரத்துவிடும்!

பதில் 3: இலையுதிர்காலம் என்றால் 'ஷ்டுர்ம்' கிடைக்கும். பாதி புளித்த சாறு, இன்னும் நுரைத்துக்கொண்டிருக்கும். பாட்டிலை இறுக மூடிப் பையில் படுக்க வைக்காதீர்கள்; வாயு சேர்ந்து வெடிக்கலாம். இனிப்பு ஏமாற்றும், மெதுவாகக் குடியுங்கள்.