‘டீச்-பேக்’: நலப்பாடக் கையேட்டுக்கு ஒரு சொல்

காரைக்குடியிலிருந்து:
வணக்கம். முதியோர் எழுத்தறிவு வகுப்புக்கான நலப்பாடக் கையேட்டில் ‘டீச்-பேக்’ முறைக்குச் சொல் தேவை. நாம் விளக்கியதைக் கற்பவர் தம் பேச்சில் சொல்ல, அல்லது செய்ய வைத்து, நம் விளக்கம் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது. வரைவில் ‘சொல்லிக்காட்டல்’ என்று இருக்கிறது.

தேவகோட்டையிலிருந்து:
அது வேண்டாம் அண்ணே. சொல்லிக்காட்டுவது என்றால் செய்த உதவியைக் குத்திப் பேசுவது. ‘ஒப்புவித்தல்’ அதைவிடத் தப்பு. வார்த்தை பிசகாமல் ஒப்பிக்கிறவர் வீட்டில் பிசகுவார்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். பற்றிய பாடத்தையே பாருங்கள். 20.5 கிராம் பொட்டலம் முழுவதையும் 1 லிட்டர் குடிநீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இதை வாயால் சொல்லிவிடுவார்கள். பொட்டலத்தையும் பாத்திரத்தையும் கையில் கொடுத்தால்தான் பாதியை ஒரு டம்ளரில் கொட்டுவது தெரியும். அந்த அடர்ந்த கரைசல் குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டும். ரத்தத்தில் சோடியமும் ஏறும். ‘ஒரு செம்பு’ என்றும் கற்பிக்காதீர்கள், வீட்டுக்கு வீடு செம்பு வேறு. 1 லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் அளவு. 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் கடையில் கிடைப்பதால், உறையில் உள்ள அளவைப் படிக்க வைப்பதே அன்றைய எழுத்துப் பாடமாகட்டும்.

‘தன்சொல் விளக்கம்’ எப்படி? செய்முறை விளக்கமும் அதில் அடங்கும். ‘கேட்டுத்தெளிதல்’ என்றும் யோசித்தேன்.

கானாடுகாத்தானிலிருந்து:
‘கேட்டுத்தெளிதல்’ கற்பவர் சந்தேகம் கேட்பதாகத் தொனிக்கும். ‘தன்சொல் விளக்கம்’ சரி. ‘சோதனை’ என்ற சொல் மட்டும் பக்கத்தில் வரவே கூடாது, பரீட்சை என்றால் ஆட்கள் வகுப்புக்கே வரமாட்டார்கள்.

கேள்வியையும் கையேட்டில் எழுதிக் கொடுங்கள். ‘புரிஞ்சுதா ஆச்சி?’ என்றால் மரியாதைக்கு ‘புரிஞ்சுது’ என்றுதான் வரும். வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை பற்றிச் சொன்ன பிறகு, ‘நாளைக்குக் காலையில எந்திரிச்சதும் என்னென்ன செய்வீக?’ என்று கேட்கட்டும். சீனி போடாத காப்பி குடிக்கலாம் என்ற எண்ணம் அப்போது வெளியே வரும். குறைந்தது 8 மணி நேரம், தண்ணீர் மட்டும் என்று வேறு விதமாக விளக்கி, மறுபடி கேட்க வேண்டும்.

காரைக்குடியிலிருந்து:
ஏற்றுக்கொண்டேன். பதிவு இப்படி: ‘தன்சொல் விளக்கம் – கற்பவர் தம் சொல்லிலோ செயலிலோ விளக்குவது. பிழை வந்தால் குறை கற்பித்தவருடையது. வேறு விதமாக விளக்கி மீண்டும் கேட்கவும்.’