மலேசியா கேமரன் மலை இறக்கத்துல சைக்கிள்ல வரும்போது குளிர் தாங்கல, ஜெர்சிக்கு மேல என்ன போடுறீங்க?

செம்பனை சைக்கிள்:
வணக்கம் எல்லாருக்கும். நான் தாப்பா பக்கம் தோட்டத்துல இருக்கேன், போன ஞாயித்துக்கிழமதான் முதல் தடவையா மலை மேல இருக்குற தானா ராத்தா டவுன் வரைக்கும் சைக்கிள்ல ஏறினேன். காலையில அஞ்சரைக்கு கெளம்பினது, ஏறும்போது குளிரே தெரியல, லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி தாண்டுறதுக்குள்ள ஜெர்சிய புழிஞ்சா ஒரு கிளாஸ் வேர்வை வரும் அப்படி. மேல போயி ரொட்டி சானாய், தே தாரிக்னு நல்லா பசியாறிட்டு இறங்க ஆரம்பிச்சேன், மேகம் வேற மூடிக்கிச்சு, நாலு வளைவுக்குள்ள பல்லு கிடுகிடுன்னு ஆடுது, பாதி வழியில ரிங்லெட் டவுன் வர்றதுக்குள்ள வெரல் மரத்துப்போயி பிரேக்க அமுக்குறேனா இல்லையான்னே புரியல. அப்பா மோட்டாருக்குப் போடுற மழைக்கோட்டு வீட்ல இருக்கு, அது போதுமா இல்ல சைக்கிள் கடையில 300 வெள்ளி (ரிங்கிட்) சொல்ற ஜாக்கெட்தான் வாங்கணுமா?

பீடோர் பெடல்:
தம்பி, தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல, ஆயிரம் மீட்டர் ஏறுனா ஆறு டிகிரி கிட்ட கொறையும், தாப்பாவுல 25ன்னா அங்க 16, 17தான் இருக்கும். அது மட்டும்னா நம்மாளுங்க தாங்கிருவாங்க, ஆனா நீ நனைஞ்ச ஜெர்சியோட 40, 50 ஸ்பீடுல காத்த கிழிச்சிக்கிட்டு வர்ற, காலு மிதிக்கவும் இல்ல, ஒடம்புல சூடு எங்கேருந்து வரும்? காத்த மறிச்சாலே முக்காவாசி குளிர் போயிரும், அதுக்கு தடி ஜாக்கெட்லாம் வேணாம். மடிச்சா முதுகு பாக்கெட்ல அடங்குற மெல்லிசு விண்ட்பிரேக்கர், இல்ல கையில்லாத வெஸ்ட் ஒண்ணு போதும். நம்ம ஊர்ல கப்சாய், அதான் சின்ன மோட்டார் சைக்கிள், ஓட்டுறவங்க ஜாக்கெட்ட முன்பின்னா மாத்தி மாட்டிக்கிட்டு போறாங்களே, அவங்களுக்குத் தெரிஞ்சது சைக்கிள் கடைக்காரனுக்குத் தெரியல லா. நெஞ்சுலதான் காத்து அடிக்குது.

அப்புறம் மேல போனதும் ஈர பனியன கழட்டி காஞ்சது ஒண்ணு மாட்டு. நான் பிளாஸ்டிக் பையில சுத்தி ஒண்ணு எடுத்துட்டுப் போவேன்.

மழை விடாது:
அப்பா கோட்டு வேணாம்பா. நானும் அப்படித்தான் ஒரு நாள் போட்டேன், அந்த ரப்பர் துணியில மழை உள்ள வராது சரி, வேர்வையும் வெளிய போகாதே, கால் மணி நேரத்துல உள்ள ஆவி கட்டி மழையில நனைஞ்ச மாதிரியேதான் இருந்தேன், அதுல காத்து பூந்து பின்னாடி பலூன் மாதிரி வேற பொடச்சிக்கிச்சு, வளைவுல சைக்கிளே ஆடுது.

300 வெள்ளி ஜாக்கெட் நல்லதுதான், ஆனா மூச்சு விடும்னு கடையில சொல்றத அப்படியே நம்பாதீங்க. உள்ள இருக்குற ஈரம் வெளிய போகணும்னா வெளிக்காத்து உள்ளத விட காஞ்சிருக்கணும், மலைக்குக் கீழ நம்ம பக்கம் காத்தே ஈரம், அதனால ஏறும்போது போட்டா எதப் போட்டாலும் அவிஞ்சிதான் போவீங்க. இறங்கும்போது மட்டும் போடுங்க. இன்னொண்ணு, தொவைக்கும்போது துணிக்கு வாசனையா ஊத்துவாங்களே சாஃப்ட்னர், அத ஊத்தவே கூடாது, மேல தண்ணி முத்து முத்தா உருள்ற பூச்சு கெட்டுரும். எங்க வீட்ல ஒரு தடவ ஊத்திட்டாங்க, அதோட அந்த ஜாக்கெட் இப்ப மாட்டுக் கொட்டாயில தொங்குது.

ரிங்லெட் அக்கா:
தம்பி, மொதல்ல பழைய துணி விக்கிற பண்டல் கடைக்குப் போங்க. நான் 15 வெள்ளிக்கு எடுத்த விண்ட்பிரேக்கர்தான் மூணு வருசமா ஓட்டுறேன். துணிய வாயில வச்சு ஊதிப் பாக்கணும், அந்தப் பக்கம் கைக்கு காத்து தெரிஞ்சா வாங்காம திருப்பி வச்சிருங்க. கருப்பு வேணாம், மத்தியானத்துக்கு மேல மூட்டம் எறங்குனா காய்கறி லாரிக்காரங்களுக்கு நீங்க தெரியணும், மஞ்சளோ ஆரஞ்சோ பாருங்க. வெரல் மரத்ததுக்கு ஜாக்கெட் ஒண்ணும் பண்ணாது, முழு வெரல் கிளவுஸ் வாங்குங்க.

ஒண்ணுமே இல்லாம மாட்டிக்கிட்டா பசியாறுற கடையில பழைய பேப்பர் கேட்டு ஜெர்சிக்குள்ள நெஞ்சுல சொருவிக்குங்க, ஐரோப்பாவுல ரேஸ் ஓட்டுறவங்க மலை உச்சியில அந்தக் காலத்துலேருந்து பண்றதுதான். என்ன, வீட்டுக்கு வந்து கழட்டுனா நெஞ்சுல தலைப்புச் செய்தி ஒட்டியிருக்கும்.

செம்பனை சைக்கிள்:
நன்றி அண்ணே, அக்கா. இன்னிக்கு சாயங்காலமே பண்டல் கடையில ஆரஞ்சு ஒண்ணு பாத்தேன், 18 வெள்ளி, ஊதியும் பாத்துட்டேன் காத்து வரல. எக்ஸெல் கொஞ்சம் லூசா இருக்கு, எல் எடுத்தா மணிக்கட்டு கிட்ட ஏறிக்குது. எத எடுக்க?

பீடோர் பெடல்:
நிமிர்ந்து நின்னு பாத்தா சரியாத்தான் தெரியும். குனிஞ்சு ஹேண்டல் புடிக்கிற மாதிரி கைய நீட்டிப் பாரு, முதுகு தெரியக்கூடாது, கை ஏறக்கூடாது. கடை ஆண்ட்டி சிரிச்சா சிரிக்கட்டும்.