புதுப்பிப்பு: பாக்ஸஸா, விர்ட்-மேனேஜரா?

லினக்ஸ் மேசைக்கணினியில் மெய்நிகர் இயந்திரங்களை (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) நடத்த க்னோம் பாக்ஸஸ், விர்ட்-மேனேஜர் என்ற இரண்டு செயலிகளில் எது எளிது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இப்போது இரண்டையும் வைத்திருக்கிறேன். அன்றாட வேலை விர்ட்-மேனேஜரில்தான்.

பாக்ஸஸில் உருவாக்கிய இயந்திரங்கள் விர்ட்-மேனேஜரில் ஏன் தெரிவதில்லை என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டுக்கும் அடியில் இருப்பவை இந்த இயந்திரங்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டும், அவற்றை ஓடவைக்கும் கேவிஎம்மும்தான். ஆனால் பாக்ஸஸ் பயனர் அமர்வில், அதாவது உங்கள் கணக்குக்கு மட்டுமான இணைப்பில், இயங்குகிறது. விர்ட்-மேனேஜர் இயல்பாகத் திறப்பதோ கணினி முழுமைக்குமான இணைப்பை. 'ஃபைல்' மெனுவில் 'ஆட் கனெக்‌ஷன்' சென்று பயனர் அமர்வைத் தேர்ந்தெடுத்தால் அத்தனையும் பட்டியலில் வந்து நிற்கும். (பாக்ஸஸை ஃபிளாட்பேக்காக, அதாவது தனக்கு வேண்டியதைத் தன்னுடனே கொண்டுவரும் தொகுப்பாக, நிறுவியிருந்தால் இது பலிக்காது, அதன் லிப்விர்ட் தனி.) இதைத் திரையிலேயே ஒரு வரியில் சொல்லியிருந்தால் எத்தனை பேருக்கு நேரம் மிச்சமாகியிருக்கும்!

விண்டோஸ் நிறுவும்போது வட்டே தெரியவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். வட்டின் பஸ் (வட்டு இயந்திரத்தோடு இணையும் முறை) மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே உள்ள 'விர்ட்ஐஓ' என்றிருந்தால் அப்படித்தான். விண்டோஸிடம் அதற்கான டிரைவர் கிடையாது. விர்ட்ஐஓ டிரைவர்கள் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இரண்டாவது சிடிராமாகச் சேர்த்து, 'லோட் டிரைவர்' அழுத்தி, 'வயோஸ்டார்' (viostor) கோப்புறையைக் காட்டுங்கள். பஸ்ஸை வழக்கமான வட்டு இணைப்பான சாட்டாவுக்கு மாற்றினாலும் நிறுவல் நடக்கும், வேகம் குறையும்.

புதிய லினக்ஸ் ஒன்றைச் சும்மா ஓட்டிப் பார்க்க பாக்ஸஸே போதும். பிரிட்ஜ் வலையமைப்பு (மெய்நிகர் இயந்திரத்தை நேரே உங்கள் வலையமைப்பில் சேர்ப்பது), கிராஃபிக்ஸ் அட்டை போன்ற பிசிஐ சாதனத்தை அப்படியே விருந்தினர் இயந்திரத்திடம் (உள்ளே ஓடும் மெய்நிகர் இயந்திரம்) ஒப்படைப்பது என்றெல்லாம் வந்தால் தயங்காமல் விர்ட்-மேனேஜருக்கு வந்துவிடுங்கள்.

விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு பற்றி விசாரித்தவருக்கு: அதை மென்பொருளாலேயே தரும் 'எஸ்டபிள்யூடிபிஎம்' (swtpm) தொகுப்பை நிறுவிவிட்டு, இயந்திரத்தின் அமைப்புகளில் டிபிஎம் சாதனத்தைச் சேருங்கள்.