மேகம் விலகினால் நேரம் முடிந்துவிடுகிறது: வாடகை விமானத்தில் பறப்போர் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி – செவ்வானம்

வணக்கம். கலிஃபோர்னியாவில் சான் ஹொசே பக்கத்தில் வசிக்கிறேன். தனியார் விமானி உரிமம் பெற்றுப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இதுவரை பறந்த நேரத்தைவிட, பறக்க முடியுமா என்று காத்திருந்த நேரமே அதிகம்.

சென்னையிலிருந்து வந்திருக்கும் அத்தைக்கும் மாமாவுக்கும் ஹாஃப் மூன் பே கடற்கரையை மேலிருந்து காட்டலாம் என்று மூன்று வாரங்களுக்கு முன்பே ஒரு செஸ்னா 172 விமானத்தைப் பதிவு செய்திருந்தேன். சென்ற சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால், மேகத்தின் அடிமட்டம் எண்ணூறு அடியில் நின்றது. வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பதற்கான கண்பார்வை விதிகளின்படி பறப்பதற்கு ஆயிரம் அடியாவது வேண்டும் என்பதால் காத்திருந்தோம். அத்தை கட்டிக்கொண்டு வந்திருந்த எலுமிச்சைச் சாதம் காத்திருப்பு அறையிலேயே தீர்ந்தது. பதினொன்றே முக்காலுக்கு வானம் வெளுத்தபோது, பன்னிரண்டு மணிக்குப் பதிவு செய்தவர் ஹெட்செட்டும் கையுமாக வந்து நின்றார்.

மேகத்துக்குள்ளும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் கருவி வழிப் பறத்தலுக்கான தகுதியைப் பெற்றுவிட்டால் இந்தத் தொல்லை தீருமா?

மறுமொழி – மேல்காற்று

பாதி தீரும். கோடையில் குளிர்ந்த பசிபிக் நீரின் மேல் உருவாகும் இந்தத் தாழ்மேகம் பெரும்பாலும் மெல்லியது. கருவி வழி அனுமதி பெற்று ஏறினால் சில நிமிடங்களில் நீல வானத்துக்கு வந்துவிடலாம். ஆனால் அங்கிருந்து அத்தைக்கு எதைக் காட்டுவீர்கள்? கீழே விரித்த பஞ்சுமெத்தைதான் தெரியும், கடற்கரை தெரியாது. அந்தத் தகுதியைத் தக்கவைத்துக்கொள்ள ஆறு மாதங்களுக்குள் ஆறு முறை கருவி வழி இறங்குமுறையை, அதாவது கருவிகளைப் பார்த்தே ஓடுபாதையை நோக்கி இறங்குவதைச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துகொள்ளும். அதற்கும் இதே வாடகை விமானத்தைத்தான் பதிவு செய்தாக வேண்டும்.

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் சிறப்பு அனுமதி கேட்டு மேகத்துக்குக் கீழேயே நழுவிப் போகலாமே என்று எவரேனும் சொல்வார்கள். மலையும் கடலும் நெருங்கியிருக்கும் இந்த ஊரில், உறவினரை ஏற்றிக்கொண்டு அதைச் செய்ய நான் துணிய மாட்டேன். காலை நேரம் கிடைத்தால் கிழக்கே, கலிஃபோர்னியாவுக்குள்ளேயே இருக்கும் டிரேசிக்கோ கொலம்பியாவுக்கோ போங்கள். கடற்கரையைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி – மூன்றாம் இருக்கை

மேகத்தையாவது திட்டலாம், எடையை யாரிடம் போய்ச் சொல்வது? நான்கு இருக்கைகள் உள்ள 172எஸ் ரக விமானத்தின் மொத்த எடை 2,550 பவுண்டைத் தாண்டக்கூடாது. 53 கேலன் பெட்ரோலை நிரப்பினால் அதுவே 318 பவுண்டு. நான் ஓட்டும் விமானத்தில் ஆட்களுக்கும் பைகளுக்கும் மிஞ்சுவது ஏறத்தாழ 550 பவுண்டு. ஆகவே விருந்தினரிடம் எடையைக் கேட்டே தீர வேண்டும். என் மாமியார் "அறுபது கிலோதான் இருக்கும் மாப்பிள்ளை" என்றார்கள்; தராசு எழுபத்து மூன்று காட்டியது. அன்றிலிருந்து எவரிடமும் கேட்பதில்லை. சொல்லக்கூடிய எடைக்கு மேல் பத்து கிலோ கூட்டிக்கொண்டு, அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைவாக நிரப்பச் சொல்கிறேன்.

மறுமொழி – சூடான எஞ்சின்

பிற்பகலில் போவதென்றால் ஒன்றை மறக்க வேண்டாம். இடையில் இறங்கிப் பெட்ரோல் போட்டு இருபது நிமிடம் நிறுத்தினால், எஞ்சின் சூட்டில் குழாய்களுக்குள் இருக்கும் பெட்ரோல் ஆவியாகி, மறுபடி கிளப்பும்போது எஞ்சின் இருமிவிட்டு அடங்கிவிடும். மிக்ஸ்சரை (எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் பிடி) முழுவதும் இழுத்து வைத்து, த்ராட்டிலை (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) சற்றே திறந்து ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். பற்றிய நொடியில் மிக்ஸ்சரை நிதானமாக உள்ளே தள்ளுங்கள். பத்து விநாடிக்குமேல் சுழற்ற வேண்டாம், ஸ்டார்ட்டர் ஆற இருபது விநாடி விடுங்கள். பின்னிருக்கையில் மாமா "பேட்டரி போயிடுச்சா?" என்று கேட்பார், பதில் சொல்லாமல் முன்னாலுள்ள சுழலியை (புரொப்பல்லர்) பாருங்கள்.

செவ்வானம்

மூவருக்கும் நன்றி. அடுத்த ஞாயிறு மூன்று மணி முதல் ஆறு மணி வரை பதிவு செய்துவிட்டேன். மாமா எண்பத்திரண்டு கிலோ என்று தாமாகவே சொன்னார். தொண்ணூற்றிரண்டு என்று குறித்துக்கொண்டேன்.