வீட்டுக் கதையில் எத்தனை அடைப்புக்குறி போடலாம்?

தேவகோட்டைப் பேத்தி:
எங்கள் ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனில் இருந்த கதையைக் குடும்ப மலருக்காக எழுதுகிறேன். முதல் வரி, 'ஐயா பதினாறு வயதில் கொண்டுவிற்கப் போனார்கள்'. சென்னையில் வளர்ந்த என் மகள் படித்துவிட்டு, "என்னத்தைக் கொண்டுபோய் வித்தாங்க?" என்கிறாள். எங்கள் பக்கம் அது கடல் கடந்து தொழிலுக்குப் போவது, ஐயா போனதோ வட்டிக்கடைக்கு! சரி என்று விளக்கம் சேர்க்க ஆரம்பித்தேன், இப்போது வீட்டுக்கு வளவு, பட்டாலை, கடைக்குப் பெட்டியடிப் பையன், அடுத்தாள் என்று வரிக்கு மூன்று அடைப்புக்குறி நிற்கிறது, எனக்கே மூச்சு முட்டுகிறது. எதை வைப்பது, எதை எடுப்பது?

பொள்ளாச்சிக்காரன்:
வளவு தெரியாவிட்டாலும் வீட்டில் ஏதோ ஓர் இடம் என்று தாண்டிப் போய்விடுவேன். தெரிந்த சொல்தான் காலை வாரும். காரைக்குடி நண்பன் 'அப்பச்சி' என்று எழுதுவதையெல்லாம் ரொம்ப நாள் அவன் தாத்தா என்றே நினைத்தேன், ஏனென்றால் எங்கள் பக்கம் அம்மாவின் அப்பாதான் அப்புச்சி. உங்களுக்கு அது அப்பாவாமே! 'ஆயா'வையும் கவனியுங்கள், உங்களுக்குப் பாட்டி, சென்னையில் அது வேலைக்கார அம்மா.

மெய்ப்புக்காரன், காரைக்குடி:
ஆச்சி, விளக்கத்தை வாக்கியத்துக்குள்ளேயே கரைத்துவிடுங்கள். 'ஐயா பதினாறு வயதில் கொண்டுவிற்கப் போனார்கள், ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, எடுபிடி வேலைக்கு.' இதில் குறியே இல்லை, உங்கள் மகளும் கேட்கமாட்டாள். வளவில் மழை கொட்டுவதை எழுதினால் அது திறந்த முற்றம் என்று தானே தெரிந்துவிடும். அடுத்தாளுக்கு மட்டும், மேலாளுக்கு அடுத்த நிலை என்று ஒரு தடவை சொல்லுங்கள், இல்லாவிட்டால் 'அடுத்த ஆள்' என்று படித்துவிடுவார்கள். ஒரு நூலுக்கு ஆகாதவை என்று நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் குன்றக் கூறலும் இருக்கிறது, மிகைபடக் கூறலும் இருக்கிறது. அப்புறம், முறுக்குக்கு விளக்கம் போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

பழைய ஏடு:
ஒன்று விட்டுப்போனது. ஐயாவின் கடிதங்களை அப்படியே போடுவதானால் உள்ளே எதையும் கரைக்கக் கூடாது. அங்கே நீங்கள் சேர்க்கும் சொல் சதுர அடைப்புக்குள் தனியாகத் தெரிய வேண்டும். பழைய உரைகாரர்களே பாட்டில் இல்லாத சொல்லைச் சேர்த்தால் 'வருவிக்கப்பட்டது' என்று சொல்லிவிடுவார்கள். ஊகத்தைப் பெரியவர் வாயில் வைத்துவிடாதீர்கள்.

தேவகோட்டைப் பேத்தி:
நல்லவேளை சொன்னீர்கள். ஒரு கடிதத்தில் 'பெரியவளிடம் அதைக் கொடுத்துவிடவும்' என்று இருக்கிறது. நான் 'அதை'க்குப் பக்கத்தில் வைரத்தோடு என்று சேர்த்திருந்தேன். சின்ன அத்தை பார்த்துவிட்டு, அப்படியானால் அந்தத் தோடு எங்கே என்று பெரிய அத்தைக்குப் போன் போட்டுவிட்டார்கள். முதலில் அதை எடுக்கிறேன்.