சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் ராத்திரி பஸ்ஸில் போனவர்கள் இருக்கிறீர்களா?

ஜன்னல்சீட்:
அரிக்காவிலிருந்து கலாமாவுக்கு ராத்திரி பஸ். கியாகுவா சோதனைச் சாவடி தெரியும்தானே, இகீக்கே வரியில்லாச் சந்தை என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து தெற்கே போகிற மூட்டையையெல்லாம் திறந்து பார்க்கிற இடம். எல்லோரையும் இறக்கிவிட்டார்கள், பல் கிட்டிக்கொள்ளும் குளிர். போசோ அல்மோந்தேயில் ஏறிய பாட்டி, வழியெல்லாம் தன் போர்வையில் பாதியை என் கால்மேல் போட்டுக்கொண்டு வந்தவர், வரிசையில் நிற்கும்போது ஓர் அட்டைப்பெட்டியை என்னிடம் நீட்டி "துயோ, துயோ" என்றார். உன்னுடையது என்று சொல்லு, அவ்வளவுதான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கடைசி ஆளாக வெறுங்கையோடு ஏறி வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, உட்கார்ந்ததும் போர்வையை மறுபடி என் கால்மேல் இழுத்துவிட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

உப்புத்தரை:
தெரியாதவர் பெட்டியைத் தொடாதது சரிதான், இதில் உறுத்த என்ன இருக்கிறது? எனக்கு நடந்ததைக் கேளுங்கள். சாந்தியாகோவிலிருந்து சான் பெத்ரோ, கொப்பியாபோ தாண்டி டயர் போய்விட்டது. ரோட்டோரம் ஓர் அனிமித்தா, அதாவது செத்தவர் நினைவாக வைக்கிற குட்டிக் கோயில், சுற்றிலும் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்கள். என் பாட்டில் காலி, ஒன்றைத் தூக்கிவிட்டேன். பஸ் உதவியாளர் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தார். தன் தண்ணீரை என்னிடம் கொடுத்துவிட்டு, நான் எடுத்ததைச் சட்டையில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். தாகத்தில் செத்துப்போன கொர்ரேயா அம்மாவுக்கு வைக்கிற தண்ணீராம் அது. மிச்ச வழி முழுக்க அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேல்மாடி:
உறுத்த என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு நீங்களும் ஓர் உறுத்தலைத்தான் எழுதியிருக்கிறீர்கள்! என் கதை சின்னது: அர்ஜென்டினாவின் சால்தாவிலிருந்து வரும்போது எல்லையிலிருக்கும் ஹாமா கணவாயில், 4,200 மீட்டர் உயரத்தில், பழம் ஏதும் இருக்கிறதா என்று கேட்கிற படிவத்தில் தலைவலியோடு "இல்லை" என்று போட்டுவிட்டேன், பையில் ஓர் ஆப்பிள். அபராதம். அதனால் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், பழம் இருந்தால் எல்லைக்கு முன்பே தின்றுவிடுங்கள், சந்தேகம் இருந்தால் "ஆமாம்" என்றே எழுதுங்கள். பஸ்ஸில் செமி காமா என்கிற சீட் பாதிதான் சாயும், 20 மணி நேரத்துக்கு மேல் என்றால் காசு பார்க்காமல் இன்னும் நன்றாகச் சாயும் சலோன் காமா எடுங்கள். மேல்மாடி முன்சீட்டுக்கு ஆசைப்பட்டால் பகல் வெயில் கண்ணாடி வழியே வறுத்துவிடும் (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், பட்டுத்தான் சொல்கிறேன்). அப்புறம், அந்தோஃபகாஸ்தாவுக்குச் சுமார் 75 கி.மீ. தெற்கே மணலுக்குள்ளிருந்து 11 மீட்டர் உயரத்துக்கு ஒரு கை எழுந்து நிற்கும், சிற்பி மாரியோ இரர்ராசாபல் 1992இல் செய்தது. பஸ் அதற்காக நிற்காது, கண்ணசந்தால் போச்சு.

ஜன்னல்சீட்:
முதுகு நோகாமல் போக யாரும் வழி கேட்கவில்லையே! பிடுங்கிய பெட்டியை வரி கட்டினால் திருப்பிக் கொடுப்பார்களா, அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.